பேரரசரின் கல்லாப்பெட்டி: ஹெஷென் எழுந்ததும் விழுந்ததும்

1799 பிப்ரவரி 7 அன்று சீனப் பேரரசர் சியென்லொங் பெய்ஜிங் அரண்மனையில் 87 வயதில் இறந்தார். பிப்ரவரி 22 அன்று அவருடைய செல்ல அமைச்சர் ஹெஷென், சிறைக்குள் அனுப்பிவைக்கப்பட்ட வெள்ளைப் பட்டுத்துணியில் தூக்குப் போட்டுக்கொண்டு செத்தார். நடுவில் 15 நாள்தான்.

அந்த 15 நாளில் நடந்ததைவிட நடக்காமல் போனதுதான் எனக்குப் பெரிய வியப்பு. 20 ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டின் நிதி, அரண்மனையின் வரவுசெலவு, அதிகாரிகளின் நியமனம், பேரரசருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஹெஷென் கை வழியாகத்தான் போய்வந்தன. 'இரண்டாம் பேரரசர்' என்றே ஆட்கள் அவரைக் குறிப்பிட்டார்கள். அவர் தயவில் பதவிக்கு வந்தவர்கள் மாகாணம்தோறும் இருந்தார்கள். ஆனால் அவரைப் பிடித்து உள்ளே போட்டபோது ஒரு படைப்பிரிவுகூட அசையவில்லை, ஓர் ஆளுநரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. திறந்த ஒன்றிரண்டு வாய்களும் தண்டனை போதாது என்று சொல்லத்தான் திறந்தன. இத்தனை பெரிய மரம் ஒரே தள்ளில் சாய்ந்தது என்றால், அதற்கு வேர் எங்கேதான் இருந்தது?

சீனத் தொலைக்காட்சித் தொடர்களில் ஹெஷென் தொந்தியும் தொப்பையுமாக, பேராசையில் கண் உருட்டும் கோமாளியாக வருவார். நிஜ ஆள் அப்படி இல்லை. நேரில் பார்த்த ஆங்கிலேயர்கள் அழகான, சிவந்த மனிதர், சரளமாகப் பேசக்கூடியவர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மஞ்சு, சீனம், மங்கோலியம், திபெத்தியம் என நான்கு மொழிகளும் அவருக்குப் புழக்கம். நேபாளத்துக் கூர்க்காக்களுடன் போர் நடந்த காலத்தில் இத்தனை மொழிகளில் ஆணைகள் எழுதி அனுப்ப அவரைப் போல் ஆள் இல்லை என்று பேரரசரே பாராட்டியிருக்கிறார். வெறும் ஜால்ரா அடித்து மேலே வந்தவர் என்று அவரை ஒதுக்கிவிட்டால் கதையின் பாதி நமக்குப் புரியாமல் போய்விடும்.

அவர் பிறந்தது 1750-இல், மஞ்சு இனத்தின் நியோஹுரு குலத்தில். பேர் பெற்ற குலம்தான், ஆனால் அவர் வீட்டில் வசதி இல்லை. தம்பி ஹெலின் பிறந்தபோது தாய் இறந்தார். ராணுவ அதிகாரியாக இருந்த தந்தையும் ஹெஷெனுக்குப் பத்து வயது இருக்கும்போது போய்விட்டார். அண்ணனும் தம்பியும் மஞ்சு குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரண்மனை வளாகத்திலேயே நடந்த ஒரு பள்ளியில் படித்தார்கள். பெரிய அதிகாரியான யிங்லியன் தம் பேத்தியை ஹெஷெனுக்குக் கட்டிவைத்தார். 1769-இல் குடும்பத்தின் பரம்பரைப் பட்டம் அவருக்கு வந்தது. 1772-இல் பேரரசரின் மெய்க்காவலர்களில் ஒருவராகச் சேர்ந்தார், அதுவும் மூன்றாம் நிலையில்.

அப்புறம் வருவதுதான் எல்லாரும் சொல்லும் கதை. ஒருநாள் பல்லக்கில் போய்க்கொண்டிருந்த பேரரசருக்குக் கைதிகள் தப்பிவிட்டதாகச் செய்தி வருகிறது. அவர் கோபத்தில் கன்ஃபூசியஸின் வரி ஒன்றை முணுமுணுக்கிறார்: கூண்டிலிருந்து புலி தப்பினால் அது யார் குற்றம்? கூட வந்த காவலர்கள் விழிக்கிறார்கள். காவலுக்கு நின்றவன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று இளைஞன் ஒருவன் மட்டும் உரைகாரர் பாணியில் பதில் சொல்கிறான். பேரரசர் திரும்பிப் பார்க்கிறார். நடந்ததோ இல்லையோ, பொருத்தமான கதை. இன்னொன்றும் உண்டு: பேரரசர் இளவயதில் மனதைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் மறுபிறவிதான் ஹெஷென் என்று. ஒரு கிழவருக்கு ஓர் இளைஞன்மேல் இத்தனை பிரியம் எப்படி வந்தது என்று யாருக்கும் விளங்காததால் கட்டிய கதை அது. எனக்கென்னவோ பூர்வஜென்மம் வரை போகத் தேவையில்லை, கணக்குப் புத்தகமே போதும் என்று தோன்றுகிறது.

1776 என்ற ஒரே ஆண்டைப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அவர் வருவாய்த் துறையின் துணை அமைச்சர். அடுத்த சில மாதங்களுக்குள் பேரரசரோடு தினமும் உட்கார்ந்து ராஜ்ய விவகாரம் பேசும் பெருமன்றத்தில் இடம், அதோடு அரண்மனைத் துறையின் பொறுப்பு. வயது 26. மறு ஆண்டு, தள்ளாத வயதில் மூத்த அமைச்சர்களுக்குச் சலுகையாகத் தரப்படும் உரிமை, அதாவது அரண்மனைக்குள் குதிரையில் போகும் உரிமை, இந்த இளைஞருக்குக் கிடைத்தது. தலைநகரின் காவல் படையும் அவர் பொறுப்பில் வந்தது. பெய்ஜிங்கின் சொங்வென் வாசலில் ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி வாங்கும் சுங்கச்சாவடியும் அவர் கைக்கு வந்தது.

இந்தப் பதவிகளில் வெளியே பெரிதாகத் தெரிவது பெருமன்றம்தான். ஆனால் ஹெஷெனை ஹெஷென் ஆக்கியது அரண்மனைத் துறை. சிங் வம்ச ஆட்சியில் இரண்டு கஜானா உண்டு. ஒன்று வருவாய்த் துறையின் கஜானா, நிலவரியும் உப்பு வரியும் போய்ச் சேரும் இடம். பேரரசர் நினைத்த மாத்திரத்தில் அதில் கைவைத்தால் அமைச்சர்கள் முகம் சுளிப்பார்கள், வரலாற்றில் கெட்ட பெயரும் நிற்கும். மற்றது அரண்மனைத் துறையின் கஜானா, அது பேரரசரின் சொந்தப் பை. சியென்லொங் செலவாளி. 1751 முதல் 1784 வரை ஆறு முறை தெற்கே பெரும் பரிவாரத்துடன் பயணம் போனவர். தோட்டங்கள், கோயில்கள், ஓவியங்கள், பச்சைக்கல் சிற்பங்கள், தாயின் பிறந்தநாள், தம் பிறந்தநாள் என்று செலவுக்கு முடிவே இல்லை. ஆனால் மக்கள்மேல் வரியை ஏற்றிய பேரரசர் என்று பெயர் வாங்க அவர் தயாராக இல்லை. அப்போது அவருக்கு என்ன ஆள் வேண்டியிருக்கும்? வரி என்ற சொல்லையே சொல்லாமல் பணம் கொண்டுவரக்கூடிய ஆள். ஹெஷென் அந்த ஆள்.

அவர் கையாண்ட வழிகளில் முக்கியமானதைத் தமிழில் 'தண்ட வெள்ளி' என்று சொல்லலாம். ஏற்கெனவே இருந்த பழக்கத்தை அவர் ஒரு முறையாகவே ஆக்கினார். மாகாண ஆளுநர் ஒருவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று வையுங்கள். வழக்கு போட்டால் பதவி போகும், தலையும் போகலாம். அதற்குப் பதிலாக, 'என் குற்றத்தை உணர்ந்தேன், இவ்வளவு வெள்ளி செலுத்திப் பிராயச்சித்தம் தேடிக்கொள்கிறேன்' என்று அவரே முன்வந்து எழுதிக்கொடுப்பார். தொகை பெருமன்றத்தின் கீழ் இருந்த ஒரு ரகசியக் கணக்கில் ஏறும். பெரும்பகுதி அரண்மனைக் கஜானாவுக்குப் போகும். ஆளுநர் நாற்காலியிலேயே இருப்பார். குவாங்டொங், குவாங்சி மாகாணங்களின் தலைமை ஆளுநர் பயான்சன் இப்படிக் கட்டிய தொகை 80,000 தாயல். ஒரு தாயல் என்பது ஏறக்குறைய 37 கிராம் வெள்ளி. லஞ்சம் வாங்காமல் இருக்கட்டும் என்பதற்காகவே அரசு உயர் அதிகாரிகளுக்கு 'நேர்மை வளர்க்கும் வெள்ளி' என்று ஒரு படி தந்துவந்தது. தலைமை ஆளுநருக்கு அது ஆண்டுக்குச் சராசரியாக 20,000 தாயலைச் சுற்றி இருந்தது. அப்படியானால் 80,000 எங்கிருந்து வரும்? அவருக்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து. அவர்களுக்கு? அவர்களுக்கும் கீழே இருந்தவர்களிடமிருந்து. கடைசியில் கட்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் ஹெஷெனுக்கு வரும் பங்கு தனி. எந்தத் தவறு தண்டத்தோடு போகும், எது தலையோடு போகும் என்பதைப் பேரரசர் காதில் ஓதும் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்துக்கே ஒரு விலை உண்டு. பேரரசருக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்பும் எந்த அதிகாரியும் பரிசு எப்படி வரவேற்கப்படும் என்ற கவலையில் முதலில் ஹெஷெனுக்கு ஒன்று அனுப்பிவைப்பார். பேரரசர் திருப்பி அனுப்பியதும் பல சமயம் ஹெஷென் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது என்று பேச்சு.

இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒருவர் பேசினார். அவர் பெயர் யின் சுவாங்து, தலைமைச் செயலகத்தில் அறிஞர் பதவியில் இருந்தவர். 1790-இல், பேரரசரின் 80-ஆவது பிறந்தநாள் கொண்டாட்டங்கள் நடந்த அதே ஆண்டில், அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். தண்ட வெள்ளி முறையால் கெட்ட அதிகாரி இன்னும் துணிகிறான், நல்ல அதிகாரிகூடத் தண்டம் கட்டக் கீழே இருப்பவர்களிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது, மாகாணக் கஜானாக்கள் காலியாகின்றன, வழியில் கண்ட வணிகர்களும் குடிமக்களும் நெற்றி சுருங்கிப் பெருமூச்சு விடுகிறார்கள் என்று எழுதினார். ஹெஷென் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அடி பட வேண்டிய இடத்தில் பட்டது.

சியென்லொங்குக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. 55 ஆண்டு ஆண்டவனிடம் வந்து மக்கள் துன்பப்படுகிறார்கள் என்கிறாயா, பெயர் சொல், எந்த மாகாணம், எந்தக் கஜானா? சரி, நீயே போய்ச் சோதித்துவிட்டு வா என்று ஆணை. கூடவே சிங்செங் என்ற அதிகாரியையும் அனுப்பினார்கள். ஷான்சி, ஜீலி, ஷான்டொங், ஜியாங்னான் என்று பயணம். ஒவ்வோர் ஊரிலும் போய் இறங்கியதும் சிங்செங்குக்கு விருந்து, ஊர் சுற்றல். அவர் சுற்றி முடிப்பதற்குள் உள்ளூர் அதிகாரிகள் வணிகர்களிடம் ஓடிக் கடன் வாங்கிக் கஜானாவை நிரப்பிவிடுவார்கள். பிறகு பெட்டியைத் திறந்தால் கணக்கு அப்படியே, ஒரு தாயல் குறையாமல் இருக்கும். யின் சுவாங்து சில ஊர்களிலேயே புரிந்துகொண்டார். நான் சொன்னது தவறு, கஜானாக்கள் நிறைந்திருக்கின்றன, மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்ப அனுமதி கேட்டார். நீதித்துறை அவருக்கு மரண தண்டனை என்று பரிந்துரைத்தது. பேரரசர் பெரிய மனது பண்ணிப் பதவியை மட்டும் இறக்கினார். வயதான தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அவர் சொந்த ஊரான யுன்னானுக்குப் போய்விட்டார்.

ஹெஷென் என்ற தனிமனிதரைப் பற்றிச் சொல்வதைவிட அவர் எதன்மேல் நின்றார் என்பதை இந்தக் கதை நன்றாகச் சொல்கிறது. யின் சுவாங்துவை ஒடுக்கியது ஹெஷென் இல்லை, பேரரசரே முன்னின்று ஒடுக்கினார். தண்ட வெள்ளியைத் திருட்டு என்று ஒப்புக்கொண்டால் திருட்டுப்பொருள் யார் பையில் இருக்கிறது என்ற கேள்வி வருமே.

இதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1786-இல், சாவ் ஷிபாவ் என்ற கண்காணிப்பு அதிகாரி பக்கவாட்டில் வந்து பார்த்தார். நேரே ஹெஷென்மேல் கைவைக்காமல் அவருடைய வீட்டு நிர்வாகி லியூ சுவான்மேல் புகார் எழுதினார். ஒரு வேலைக்காரனுக்கு அவன் தகுதிக்கு மீறிய வீடும் வண்டியும் உடையும் எப்படி வந்தன என்பது கேள்வி. அனுப்புமுன் அந்த வரைவைத் தம் ஊர்க்கார நண்பர் வூ ஷெங்சின்னிடம் காட்டினார். தப்பு அங்கேதான். நண்பர் அதை அப்படியே ஹெஷென் காதில் போட்டுவிட்டார். பேரரசரோடு கோடைகால அரண்மனை இருந்த ரெஹேயில் தங்கியிருந்த ஹெஷென் பெய்ஜிங்குக்கு ஆள் அனுப்பி லியூ சுவான் வீட்டின் மீறிய பகுதிகளை இடித்துத் தள்ளச் சொன்னார். விசாரணைக்குப் போனவர்கள் வெறும் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பொய்ப் புகார் எழுதியதற்குத் திட்டு வாங்கிய சாவ் ஷிபாவ், சில ஆண்டுகளில் இறந்துபோனார்.

மொத்தத்தில் யாருமே எதிர்க்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பெருமன்றத்தில் முதல் இடம் 1797 வரை அகுய் என்ற கிழட்டுத் தளபதியிடம்தான் இருந்தது. அவருக்கு ஹெஷெனைக் கண்டாலே ஆகாது. அவையில் நிற்கும்போதுகூடப் பத்தடி தள்ளி நிற்பாராம். ஒரு பழைய பகையும் உண்டு. 1781-இல் கான்சு மாகாணத்தில் சலார் முஸ்லிம்கள் கிளர்ந்தபோது ஹெஷென் முன்னதாகப் போய்ச் சேர்ந்து படை நடத்தப் பார்த்தார். தோல்வி, ஒரு தளபதி பலி. பின்னால் வந்த அகுய்தான் விஷயத்தை முடித்தார். ஹெஷெனைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். போர்க்களம் தனக்குச் சரிவராது என்பது அவருக்கு அதோடு தெரிந்துவிட்டது.

விசாரணை வேலை நன்றாகவே சரிவந்தது. 1780-இல் யுன்னான், குய்ஜோ மாகாணங்களின் தலைமை ஆளுநர் லி ஷியாவ்மேல் வந்த ஊழல் புகாரை விசாரிக்கப் போய், திறமையாகக் கண்டுபிடித்துத் திரும்பினார். ஊழலைக் கண்டுபிடித்ததற்குப் பரிசாக வருவாய்த் துறை அமைச்சர் பதவி! அதே ஆண்டு பேரரசர் தம் கடைக்குட்டி மகள் ஹெசியாவ் இளவரசியை ஹெஷெனின் மகன் ஃபெங்ஷென் யிந்தெவுக்கு நிச்சயம் செய்தார். இருவருமே சின்னக் குழந்தைகள், கல்யாணம் பத்தாண்டு கழித்துத்தான். லி ஷியாவைப் பேரரசர் மன்னித்து மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1793-இல் பிரிட்டிஷ் அரசின் முதல் பெரிய தூதுக்குழு மெக்கார்ட்னி தலைமையில் வந்தபோது அவர்களை எதிர்கொண்டவர் ஹெஷென்தான். பேரரசர் முன் தலை தரையில் பட ஒன்பது முறை விழுந்து வணங்க வேண்டுமா என்ற இழுபறி நடந்தது. ஹெஷென் ஒருநாள் மெக்கார்ட்னியை ரெஹே தோட்டங்களைச் சுற்றிக்காட்ட அழைத்துப்போனார். வியாபாரப் பேச்சை எடுக்கவே விடவில்லை. சிரித்த முகத்தோடு வேறு ஏதாவது சொல்வார். உடம்பு முடியாதபோது தூதுக்குழுவின் மருத்துவரையே கூப்பிட்டனுப்பினார். அவர் குடலிறக்கம் என்று கண்டு சொன்னார். இந்த மெக்கார்ட்னி நமக்கும் தெரிந்த ஆள்தான். 1781 முதல் 1785 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டுக் கொழுத்த கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர். ஹெஷெனைப் பற்றி எழுதிவைத்த அவருடைய துணைவர் ஸ்டான்டனும் சென்னையில் அவரிடம் செயலாளராக இருந்தவரே. பேரரசருக்குக் கீழே நாட்டின் முழு அதிகாரமும் இவர் கையில் இருப்பதாகச் சொல்லலாம் என்று ஸ்டான்டன் கணித்தார். அந்தக் 'கீழே' என்ற சொல்தான் முக்கியம்.

சரி, முடிவுக்கு வருவோம். சியென்லொங்கின் தாத்தா காங்சி 61 ஆண்டு ஆண்டவர். தாத்தாவை மிஞ்சக் கூடாது என்பதற்காக, 60 ஆண்டு ஆனதும் சியென்லொங் மகனுக்கு முடிசூட்டிவிட்டுத் தாம் 'மூத்த பேரரசர்' ஆனார். 1796 பிப்ரவரியில் ஜியாச்சிங் அரியணை ஏறினார். வாரிசின் பெயர் 1795-இல் அறிவிக்கப்படுவதற்கு முந்தின நாளே ஹெஷென் அந்த மகனிடம் போய் ஒரு 'ருயி' செங்கோலைப் பரிசாகக் கொடுத்தார். உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், எனக்கு முதலிலேயே தெரியும் என்று அதற்குப் பொருள். நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் போட்ட கணக்கு. பின்னால் குற்றப்பத்திரிகையில் முதல் குற்றமாக நின்றது இதுதான்.

பெயருக்கு ஜியாச்சிங் பேரரசர், முடிவெடுப்பது அப்பா. அப்பாவுக்கு வயது 85-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் வந்துபோன கொரியத் தூதர்கள் எழுதிய குறிப்புகள் அருமையானவை. காலையில் செய்தது மாலையில் அவருக்கு நினைவில்லை என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புதுப் பேரரசரைப் பற்றி, மூத்தவர் மகிழ்ந்தால் இவரும் மகிழ்கிறார், அவர் சிரித்தால் இவரும் சிரிக்கிறார் என்று எழுதினார்கள். கிழவரின் குழறல் பேச்சு ஹெஷென் ஒருவருக்குத்தான் புரிந்தது. பேரரசர் என்ன சொன்னார் என்று எல்லாருக்கும் சொல்வது அவர் வேலை ஆயிற்று. அது உண்மையில் பேரரசர் சொன்னதா என்று யார் கேட்பது?

ஜியாச்சிங்கின் ஆசிரியர் ஜூ குய்யைத் தெற்கிலிருந்து தலைநகருக்கு அழைத்துப் பெரும் பதவி தரலாம் என்று மூத்தவர் நினைத்தார். ஆசிரியரை வாழ்த்தி மாணவர் ஒரு கவிதை எழுதினார். ஹெஷென் அதைக் கிழவரிடம் கொண்டுபோய், பாருங்கள், உங்கள் தயவைத் தன் தயவாக்கிக்கொள்கிறார் என்றார். பதவி நின்றுபோனது. புதுப் பேரரசரின் எழுத்து வேலைகளுக்கு உதவ என்று வூ ஷெங்லானை அனுப்பினார், சாவ் ஷிபாவைக் காட்டிக்கொடுத்த அந்த வூ ஷெங்சின்னின் தம்பி. கவிதையில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஜியாச்சிங் எதற்கும் அசையவில்லை. ஹெஷென் சொல்வதே சரி என்று மூன்று ஆண்டு தலையாட்டினார். அவருக்கு அப்போது 30 வயதுக்கு மேல். நேரம் தன் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குள் நாட்டில் 1796-இல் வெண்டாமரைக் கிளர்ச்சி வெடித்து மத்திய மாகாணங்களில் பரவிவிட்டது. போருக்கு என்று வெள்ளி போய்க்கொண்டே இருந்தது. தளபதிகள் கணக்கில் வெற்றியும் களத்தில் விருந்துமாக இருந்தார்கள். கெட்ட செய்தி மேலே போகாமல் ஹெஷென் பார்த்துக்கொண்டார். பேரரசருக்கு வரும் கடிதங்களின் நகல் ஒன்று பெருமன்றத்துக்கும் வர வேண்டும் என்ற ஏற்பாடு அதற்கு வசதியாக இருந்தது. சொந்த வாழ்க்கையில் அவருக்கு அடி மேல் அடி. 1796-இல் தம்பி ஹெலின் போர்முனையில் இறந்தார், இளைய மகனும் போனான். 1798-இல் மனைவி.

1799 பிப்ரவரி 7 காலையில் மூத்தவர் மூச்சு நின்றது. மறுநாளே, பிரேதத்துக்குக் காவல் இருங்கள், அதுதான் உங்களுக்குத் தகுந்த மரியாதை என்று ஹெஷெனையும் அவர் கூட்டாளி ஃபுச்சாங்கானையும் அங்கேயே நிறுத்தினார் ஜியாச்சிங். கேட்பதற்குக் கௌரவம், பார்த்தால் வெளியே போக முடியாத அறை. யாரோடும் பேச முடியாது, ஆள் அனுப்ப முடியாது. அதோடு பதவிகளும் பறிபோயின. தயங்காமல் பேசுங்கள் என்று அதிகாரிகளுக்கு அழைப்பு. பெரிய மொழியறிஞரான வாங் நியென்சுன் முதலியோரின் புகார்கள் வந்தன. 12-ஆம் தேதி கைது. அன்றே இன்னோர் ஆணை: இனிமேல் கடிதங்கள் நேராக எனக்கே வர வேண்டும், பெருமன்றத்துக்கு நகல் கூடாது. என்னைக் கேட்டால் கைதைவிடப் பெரிய செய்தி இதுதான்.

குற்றங்கள் 20 என்று பட்டியல் வந்தது. வாசித்தால் சிரிப்பும் வரும். அரண்மனைத் தோட்டத்துக்குள் குதிரையில் போனார், பல்லக்கில் போனார். பேரரசர் உடம்பு சரியில்லாதபோது சிரித்துப் பேசினார். பேரரசர் கை நடுங்கி எழுதியது தெளிவாக இல்லை என்றதும், கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றார். அரண்மனையின் நிங்ஷோ மாளிகையைப் பார்த்து அதே மாதிரி நான்மு மரத்தில் தம் வீட்டைக் கட்டினார். ஜிஜோவில் அரசர்களுக்கு உரிய பாணியில் கல்லறை கட்டினார், ஊரார் அதை ராஜசமாதி என்றே சொல்கிறார்கள். பேரரசரின் கிரீடத்தில் இருப்பதைவிடப் பெரிய முத்து வைத்திருந்தார். தண்ட வெள்ளியைப் பற்றி மட்டும் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. இருக்கவும் முடியாது.

சொத்து விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 80 கோடி தாயல், 100 கோடி தாயல் என்றெல்லாம் இன்றும் எழுதுகிறார்கள். 'ஹெஷென் விழுந்தான், ஜியாச்சிங் வயிறு நிறைந்தது' என்று சீனத்தில் பழமொழியே உண்டு. ஆனால் அப்போது அரசின் ஓராண்டு வருமானம் ஏறக்குறைய 7 கோடி தாயல் என்று கொண்டால், 80 கோடி என்பது 11 ஆண்டு வருமானத்துக்கு மேல். அது கஜானாவுக்கு வந்திருந்தால் 1804 வரை இழுத்து 10 கோடிக்கு மேல் விழுங்கிய வெண்டாமரைப் போருக்கு அரசு திண்டாடியிருக்க வேண்டியதே இல்லை. குற்றப்பட்டியலில் இருக்கும் கணக்கு இது: சுவருக்குள் ஒளித்த தங்கம் 26,000 தாயலுக்கு மேல், தனி அறையில் 6,000-க்கு மேல், நிலவறையில் புதைத்த வெள்ளி 10 லட்சத்துக்கு மேல். தங்கம் மட்டுமே 1,200 கிலோவை ஒட்டி வருகிறது. அடகுக் கடைகள், 200-க்கு மேற்பட்ட முத்துச்சரங்கள் தனி. வீட்டு நிர்வாகி லியூ சுவானிடமே 2 லட்சம் தாயலுக்கு மேல் இருந்தது. சாவ் ஷிபாவ் சொன்னது சரிதான் என்று 13 ஆண்டு கழித்துத் தெரிந்தது. செத்தவருக்கு ஜியாச்சிங் பட்டம் கொடுத்தார். யின் சுவாங்துவையும் ஊரிலிருந்து கூப்பிட்டனுப்பினார்.

உடலைத் துண்டு துண்டாக வெட்டிக் கொல்லலாம் என்று ஜீலியின் தலைமை ஆளுநர் எழுதினார். இவரும் நேற்றுவரை ஹெஷெனுக்குக் கும்பிடு போட்டவர்களில் ஒருவராகத்தான் இருந்திருப்பார். இளவரசி மாமனாருக்காக அண்ணனிடம் அழுது மன்றாடினார். பேரரசர் பட்டுத்துணியை அனுப்பினார். ஹெஷென் சாவதை ஃபுச்சாங்கான் மண்டியிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தண்டனை. ஹெஷெனுக்கு அப்போது வயது 48.

மறுநாளே ஜியாச்சிங் கோப்பை மூடினார். ஹெஷெனோடு பழகியவர்களைத் தோண்டித் துருவப் போவதில்லை, அவரவர் திருந்தினால் போதும் என்று ஆணை. தோண்டினால் நிர்வாகத்தில் மிஞ்சுவது யார் என்று அவருக்குத் தெரியும். சில மாதங்களில் ஹொங் லியாங்ஜி என்ற அறிஞர், இது போதாது, அந்த ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள், நீங்களும் அவைக்கு நேரத்துக்கு வருவதில்லை என்று நீண்ட கடிதம் எழுதினார். முதலில் மரண தண்டனை, பிறகு அதை இறக்கி மேற்குக் கோடியான இலிக்கு நாடுகடத்தல். 1800-இல் மழை பொய்த்தது. பேரரசர் அவரை விடுவித்து ஆணையிட்டார், மழையும் பெய்ததாம்.

பெய்ஜிங்கின் ஷிச்சஹாய் ஏரிக்கரையில் இருந்த ஹெஷெனின் வீடுதான் பின்னாளில் இளவரசர் கொங் மாளிகை ஆனது, இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். நகருக்கு வெளியே இருந்த அவருடைய தோட்டம் இன்று பீக்கிங் பல்கலைக்கழக வளாகத்துக்குள், அதன் கல் படகு இன்னும் ஏரியில் கிடக்கிறது. ஷிச்சஹாய் வீட்டின்மேல் ஜியாச்சிங்கின் தம்பி யோங்லினுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அரியணை மழைத்துளி மாதிரி எத்தனை விழுந்தாலும் ஒன்றும் என் தலையில் விழாது, அண்ணன்மார் யாராவது ஹெஷென் வீட்டைக் கொடுத்தால் போதும் என்று முன்பே வேடிக்கையாகச் சொல்லிவைத்தவர். கேட்டது கிடைத்தது. ஆனால் பாதிதான். மறுபாதியில் ஹெசியாவ் இளவரசி கணவரோடு இருந்தார். கணவர் 1810-இல் இறந்த பிறகும் 1823 வரை, சாகும்வரை, மாமனார் கட்டிய அந்த வீட்டிலேயே இருந்தார்.